தீயில் முழுவதும் எரிந்துபோனவரை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? எலும்புகூட மிஞ்சாதே?

மிஞ்சும். காடாற்றப் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்பாவை வரட்டியும் விறகும் அடுக்கி எரித்த மறுநாள் காலையில், பால் தெளித்துச் சட்டியில் எலும்பு பொறுக்கியவன் நான். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கையில் வந்தது. வெளியே சுண்ணாம்பு வெள்ளை. உடைந்த இடத்தில் உள்ளே கறுப்பு. அப்போது மானிடவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அந்த நிறங்களுக்கு அர்த்தம் உண்டு என்பது அடுத்த பருவத்தில்தான் தெரிந்தது.

சூடு ஏற ஏற எலும்பு பழுத்து, கரிந்து கறுத்து, சாம்பல் நிறத்துக்கு வந்து, கடைசியில் வெளுத்துவிடும். கறுப்பாக இருக்கும்வரை டிஎன்ஏ கிடைக்க ஓரளவு வாய்ப்புண்டு. வெளுத்துவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. எலும்பு சுருங்கி, கோணி, தொட்டாலே பொடியும். ஆனால் ஒரே உடலில் எல்லா இடமும் ஒன்றுபோல் வேகாது. நெற்றி, புறங்கை, முழங்கால் என்று சதை குறைந்த இடங்கள் முதலில் எரியும். பல்லின் வேர் தாடைக்குள் பத்திரமாக இருக்கும்.

சுடுகாட்டில் 'பிணம் எழுந்து உட்கார்ந்தது' என்பார்களே, அதுவும் முழுப் பொய் இல்லை. சூட்டில் தசைகள் சுருங்கும்போது கைகால் மடங்கி, குத்துச்சண்டைக்காரர் போல முஷ்டி தூக்கி நிற்கும். அதைப் பார்த்து 'யாரோடோ சண்டை போட்டிருக்கிறார்' என்று எழுதிவிடக் கூடாது. கை மடங்குவதால் முழங்கையின் உள்பக்கம் கடைசியாகத்தான் எரிய வேண்டும். அந்த இடமே முதலில் எரிந்திருந்தால்தான் சந்தேகம். மண்டையோடு நீராவியால் வெடிக்கும் என்பது மட்டும் தவறு. வெந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும் மண்டையோட்டின் மேல் கூரை விழும், தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் அடிக்கும், யாராவது அவசரமாகத் தூக்குவார்கள். உடைவது அதனால்தான்.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த 'கேம்ப் ஃபயர்' காட்டுத்தீயை எடுத்துக்கொள்ளுங்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. இறந்தவர்கள் 85 பேர். காணாமல்போனோர் பட்டியல் ஒரு கட்டத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. பக்கத்து சிகோ நகரப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர்கள் தேடும் குழுக்களோடு வீடு வீடாகப் போனார்கள். இந்த மாதிரி இடத்தில் மண்வெட்டிதான் முதல் எதிரி. கொத்துக்கரண்டி, பிரஷ், சல்லடை, கை, இவ்வளவுதான். மெத்தையின் கம்பிச்சுருள் கிடந்தால் அது படுக்கையறை, அங்கே மண்டியிட்டு உட்கார வேண்டும். சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை வெந்தால் அசல் எலும்பு மாதிரியே இருக்கும். வளர்ப்பு நாயின் எலும்பும் கிடக்கும், ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கோழியின் எலும்பும் கிடக்கும். எது மனித எலும்பு என்று அந்த இடத்திலேயே சொல்லத்தான் இவர்கள் வேண்டும். இரண்டு வாரத்தில் மழை வந்தது. சாம்பல் சேறாவதற்குள் முடிந்தவரை தேடியாக வேண்டியிருந்தது.

கிடைத்தவற்றை சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் டிஎன்ஏ கருவியில் வைத்து, உறவினர்களின் மாதிரியோடு ஒப்பிட்டார்கள். உயிருடன் எரிந்தாரா என்பதை மூச்சுக்குழாயில் புகைக்கரி இருக்கிறதா என்று பார்த்து மருத்துவர்தான் சொல்வார். அது மானிடவியலாளர் வேலை இல்லை.

டிஎன்ஏவும், பல் மருத்துவரின் பதிவோடு பல்லை ஒப்பிடுவதும் கைவிட்டால் உலோகம் இருக்கிறது. செயற்கை இடுப்பு மூட்டு, இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் போன்றவற்றில் தயாரிப்பு எண் பொறித்திருப்பார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதைத் தேடலாம். அப்பாவின் தொடையில் விபத்துக்குப் பிறகு வைத்த பிளேட் ஒன்று இருந்தது. மயானத்துப் பெரியவர் சாம்பலைக் கிளறி எடுத்து, "தம்பி, இதையும் சட்டியில போடவா?" என்று கேட்டார். பெரியப்பா கடலில் போடச் சொன்னார். நான் போடவில்லை. நீலம் பாய்ந்து கிடக்கிறது, எண்ணை இன்னும் படிக்க முடிகிறது.