பேட்மேனுக்கு இ.எம்.ஐ. உண்டா? காமிக்ஸ் கேள்வி பதில்

கே: ‘அப்சொல்யூட் பேட்மேன்’ல பேட்மேன்கிட்ட காசே இல்லையாமே. காசு இல்லாத பேட்மேன் வெறும் மேன்தானே சார்?
- ஒரு வாசகர், ஈரோடு

அந்த ‘வெறும் மேன்’ சைஸை ஒரு தடவ பாத்துட்டு வந்து பேசுங்க சார். இரும்பு பீரோவுக்குக் காது வச்ச மாதிரி நிக்கிறாரு மனுஷன். 2024 அக்டோபர்ல டிசி கம்பெனி ஆரம்பிச்ச சீரிஸ் இது, எழுதுறது ஸ்காட் ஸ்னைடர், படம் நிக் டிரகோட்டா. மாளிகை கிடையாது, பரம்பரை சொத்து கிடையாது, அப்பா தாமஸ் ஸ்கூல் வாத்தியார், பசங்கள ஜூவுக்குக் கூட்டிட்டுப் போன எடத்துல நடக்குற துப்பாக்கிச்சூட்டுல செத்துடறாரு. அம்மா மார்த்தா உசுரோட இருக்காங்க, பையன் ப்ரூஸ், அதான் நம்ம பேட்மேன், இன்ஜினியரிங் முடிச்சவன். ஆல்ஃப்ரெட் உண்டு, ஆனா மாளிகைல டீ கொண்டு வர்ற பழைய வேலைக்கார ஆல்ஃப்ரெட் இல்ல, வேவு பாக்க வந்த எம்ஐ6ங்கிற பிரிட்டிஷ் உளவுத்துறை ஏஜென்ட். பெங்குவின், டூ ஃபேஸ், ரிட்லர்னு பின்னாடி வில்லனாகப் போற ஆளுங்கன்னு நமக்குத் தெரிஞ்ச சில பேரு இதுல ப்ரூஸோட சின்ன வயசு ஃப்ரெண்ட்ஸ். அப்போ கோடீஸ்வரன் யாருன்னா, ஜோக்கர்! அவரு சிரிக்கவே மாட்டாராம், சொத்து அவ்ளோ இருந்தா டென்ஷன் இருக்கும்தானே.

எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த நெஞ்சுல இருக்குற வௌவால் லோகோ. எண்பத்தஞ்சு வருஷமா சும்மா பேட்ஜ் மாதிரி ஒட்டிட்டு இருந்தத கழட்டி எடுத்து கோடாரியா வீசுறாரு, தலைல இருக்குற காது ரெண்டையும் உருவினா கத்தி. காசு இல்லாதவன் வேலைக்கு ஆகாத எதையும் உடம்புல மாட்டிக்க மாட்டான்ல, அந்த லாஜிக்க ஒரு டயலாக்கும் இல்லாம படத்துலயே சொல்லிட்டாங்க. குறைன்னா, போகப் போக ரத்தம் ஓவர், பேன்ங்கிற வில்லன் வர்ற கதையெல்லாம் சாப்ட்டுட்டு படிக்காதீங்க.

கே: ஸ்பைடர்மேனுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா? ஒரு புக்ல பொண்டாட்டி இருக்கா, இன்னொண்ணுல இல்ல!
- ஒரு வாசகி, மதுரை

நீங்க கேட்டுட்டீங்க, முகமூடிக்குள்ள இருக்குற பீட்டர் பார்க்கருக்கே அது கன்ஃபியூஷன்தான். 1987ல மேரி ஜேனோட கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. 2007ல மே அத்தை உசுரக் காப்பாத்துறதுக்காக மெஃபிஸ்டோங்கிற சாத்தான்கிட்ட அந்தக் கல்யாணத்தையே கொடுத்துட்டாரு. டைவர்ஸ் பண்ணா ஹீரோவுக்கு வயசான மாதிரி தெரியும்னு பயந்து சாத்தான வச்சு பஞ்சாயத்து முடிச்ச கம்பெனிய என்னன்னு சொல்றது! ஃபேன்ஸ் இன்னிக்கு வரைக்கும் அதை மன்னிக்கல, நானும்தான்.

அதுக்குப் பரிகாரம் மாதிரி வந்ததுதான் 2024 ஜனவரில ஆரம்பிச்ச ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’. ஜொனாதன் ஹிக்மேன் கதை, மார்கோ கெக்கெட்டோ படம். இதுல பீட்டருக்கு முப்பது தாண்டியாச்சு, தாடி இருக்கு, மேரி ஜேன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, அதுக்கு அப்புறம்தான் பவரே வருது. பென் மாமா சாகல, அத்தைதான் போயிட்டாங்க. மாமாவும் பத்திரிகைக்காரர் ஜேம்ஸனும் பேப்பர் ஆபீஸ விட்டு வெளிய வந்து இந்த வயசுல புதுசா ஒரு பத்திரிகை ஆரம்பிக்கிறாங்க பாருங்க, சுவத்துல ஏறுறதெல்லாம் அப்புறம், தைரியம்னா அதுதான். சண்டையே இல்லாம குடும்பமா ஒக்காந்து பேசிட்டே போற பக்கங்கள் நெறைய வரும். சில பேருக்கு போர் அடிக்குது, எனக்கு அந்தப் பக்கங்கள்தான் புக்கே.

கே: காமிக்ஸ்ல செத்தவங்க ஏன் திரும்பித் திரும்பி வர்றாங்க?
- ஒரு வாசகர், சேலம்

1992ல சூப்பர்மேன் செத்தாரு, கருப்புக் கவர்ல போட்டு, கைல கட்டிக்க கருப்புப் பட்டையோட வித்தாங்க, ஜனம் வரிசைல நின்னு வாங்குச்சு. அடுத்த வருஷமே ஆளு வந்துட்டாரு, அதையும் வாங்குச்சு. சாவுக்கும் காசு, திரும்பி வந்ததுக்கும் காசு, வியாபாரி ஏன் விடுவான்?

ஆனா ஜேசன் டாட் கதை வேற மாதிரி. 1988ல பேட்மேனோட ரெண்டாவது ராபின் சாகணுமா பொழைக்கணுமான்னு வாசகர்களையே போன்ல ஓட்டு போடச் சொன்னாங்க, ஒரு போன் காலுக்கு 50 சென்ட். சாகட்டும்னு 5,343, பொழைக்கட்டும்னு 5,271. 72 ஓட்டுல ஒரு சின்னப் பையன முடிச்சு விட்டாங்க சார்! அவனும் 2005ல திரும்பி வந்துட்டான், செம கோவத்தோட. வராம இருப்பானா?

கே: ஒரே கதைக்கு நாலஞ்சு அட்டை போடுறாங்களே, எல்லாத்தையும் வாங்கணுமா?
- ஒரு வாசகர், கோவை

வேண்டாம். 1991ல ‘எக்ஸ்மென்’ முதல் இதழுக்கு அஞ்சு விதமா அட்டை போட்டு 80 லட்சம் காப்பிக்கு மேல தள்ளினாங்க, பின்னாடி பெரிய வெலைக்குப் போகும்னு கட்டு கட்டா வாங்கி அடுக்கினவங்க இன்னும் அடுக்கியேதான் வச்சிருக்காங்க. 1996 கடைசில அந்த புக்க போட்ட மார்வெல் கம்பெனியே திவால் நோட்டீஸ் குடுத்துடுச்சு. புடிச்ச அட்டை ஒண்ணு வாங்குங்க, மிச்சக் காசுக்கு வேற கதை வாங்குங்க.

கே: பேட்மேனும் டெட்பூலும் மோதினா யாரு ஜெயிப்பா?
- ஒரு வாசகர், வேலூர்

ரெண்டு கம்பெனி வக்கீலும். பேட்மேன் டிசி ஆளு, டெட்பூல் மார்வெல் ஆளு. 2003ல ஆரம்பிச்ச டிசியோட ஜஸ்டிஸ் லீக், மார்வெலோட அவெஞ்சர்ஸ் கூட்டணிக்கப்புறம் 2025லதான் இந்த ஜோடி சேந்துச்சு, நடுவுல இருபது வருஷத்துக்கு மேல போயிடுச்சு.

கே: எங்க காலத்து லயன் காமிக்ஸ் ஸ்பைடர் முன்னாடி இவங்கெல்லாம் தூசு. ஒத்துக்கறீங்களா?
- ஒரு மூத்த வாசகர், சிவகாசி

ஒத்துக்கலன்னா சிவகாசி பக்கம் வர முடியுமா ஐயா? ஆனா ஒண்ணு, பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைல அந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்ல, இது வேற ஆளு) கதைகள நெறைய எழுதினது ஜெர்ரி சீகல், சூப்பர்மேன உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். 1938ல சூப்பர்மேனோட உரிமைய 130 டாலருக்குக் கொடுத்துட்டு அப்புறம் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சவரு. ரொம்ப நல்லவன எழுதி ஒண்ணும் பாக்கலன்னு ஊரையே மிரட்டுற திருடன வச்சு எழுத வந்துட்டாரோ என்னமோ.

கே: பன்னெண்டு வயசுப் பொண்ணுக்குக் கிஃப்ட் பண்ண ஒரே ஒரு சூப்பர்ஹீரோ புக் சொல்லுங்க.
- ஒரு அப்பா, திருச்சி

‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த க்ளான்’, ஜீன் லுவென் யாங் எழுதினது. 1946ல மெட்ரோபொலிஸுக்குக் குடிவர்ற ஒரு சீனக் குடும்பத்த வெறிபுடிச்ச கும்பல் வெரட்டுற கதை, அந்த வீட்டுப் பொண்ணுதான் பாதி ஹீரோ. இதுல சூப்பர்மேனுக்கே இன்னும் பறக்க வராது, கரண்ட் கம்பி மேல ஓடித்தான் போவாரு. குடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ படிச்சுடுங்க, அப்புறம் கைக்கு வராது.