கிராண்ட் கேன்யனில் ஆர்.வி.யோடு ஒரு நாள்: துணியும் துவைக்கணும், சுற்றியும் பார்க்கணும்

டாலஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜூன் மாதம் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்குப் போகிறோம். பிள்ளைகளோடு, ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா அம்மாவும் உண்டு. பூங்காவுக்குள் ஆர்.வி.க்கள் தங்கும் டிரெய்லர் வில்லேஜில் இடம் பிடித்தாயிற்று. ஒரு நாளைத் துணி, டேங்க், சமையல் என்று வேலைகளுக்கு வைத்திருக்கிறோம். ஆனால் அந்த நாள் முழுக்க வண்டிக்குள்ளேயே போய்விடக் கூடாது. எதை எப்போது செய்யலாம்? அப்பாவால் அதிகம் நடக்க முடியாது."

முதலில், அன்றைக்கு வண்டியைக் கிளப்பவே வேண்டாம். ஆர்.வி.யை எடுப்பதென்றால் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்சாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உள்ளே பாத்திரம் உருளாமல் கட்டிவைக்க வேண்டும். போன இடத்தில் அத்தனை நீள வண்டிக்குப் பார்க்கிங் தேட வேண்டும். பூங்காவுக்குள் இலவச பஸ்கள் ஓடுகின்றன, நீல வழித்தட பஸ் டிரெய்லர் வில்லேஜுக்கே வரும். அதைவிட வசதி வேறு இல்லை.

அடுத்தது, வேலைகளை நடுப்பகலுக்குத் தள்ளுங்கள். பலர் காலையிலேயே துவைத்து முடித்துவிட்டு மதியம் பார்க்கக் கிளம்புகிறார்கள். உச்சி வெயிலில் பாறைகளுக்கு நிழலே இருக்காது. கேன்யன் பள்ளத்தின் ஆழம் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் ஒரே தட்டையாக வெளுத்துக் கிடக்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை வேலைக்கு, காலையும் மாலையும் கண்ணுக்கு.

ஜூனில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். பெரியவர்களை அதற்காக எழுப்ப வேண்டாம். ஏழரை வாக்கில் கிளம்பி யாவபாய் முனைக்குப் போங்கள், அங்கே ஒரு புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அது திறந்ததும் பெரிய கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றே பள்ளத்தை நிதானமாகப் பார்க்கலாம். எதிர்ப்புறம் தெரியும் சிகரங்களில் ஒன்றின் பெயர் பிரம்மா டெம்பிள். விஷ்ணு, சிவன் பெயரிலும் சிகரங்கள் உண்டு. அம்மாவுக்குக் காட்டுங்கள், நிச்சயம் சந்தோஷப்படுவார்கள்.

அங்கிருந்து மேற்கே போகும் தார்ப்பாதைதான் 'டிரெயில் ஆஃப் டைம்'. தரையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வெண்கல வில்லை பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் என்றால் 10 லட்சம் ஆண்டு. நம் மனித இனத்தின் மொத்த வரலாறும் ஒரு எட்டுக்குள் அடங்கிவிடும். வழியோரம் பள்ளத்தின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து கொண்டுவந்த கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். அவற்றில் மிகப் பழையது ஏறக்குறைய 184 கோடி ஆண்டுப் பாறை. வெர்காம்ப்ஸ் என்ற பழைய கடைக் கட்டடம் வரை சுமார் 2 கி.மீ., ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. அப்பா முடிந்த தூரம் நடந்துவிட்டுத் திரும்பி அருங்காட்சியகத்தில் உட்காரலாம். இங்கே உயரம் சுமார் 7,000 அடி, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் கிடையாது. தாகம் தெரியாமலே உடம்பு வறண்டுவிடும், தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டே இருங்கள்.

சரி, வேலைகள். மேதர் கேம்ப்கிரவுண்ட் என்ற முகாம் இடத்தை ஒட்டி 'கேம்பர் சர்வீசஸ்' என்ற கட்டடத்தில் துவைக்கும் இயந்திரங்களும் குளியலறையும் உண்டு. சாயங்காலம் சுற்றிவிட்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள், மதியமே முடித்துவிடுங்கள். குவார்ட்டர் (25 சென்ட்) நாணயங்களை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒருவர் துணியைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் இன்னொருவர் மார்க்கெட் பிளாசா கடையில் பால், ரொட்டி வாங்கி வந்துவிடலாம். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் பூங்காவுக்கு வருமுன் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

டேங்க் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கழிவறைக் கழிவு பிளாக் டேங்குக்கும், சிங்க், குளியல் தண்ணீர் கிரே டேங்குக்கும் போகும். குழாய் மாட்டியிருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு, திடக்கழிவு அடியில் குவிந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு திறந்தால்தான் வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பிளாக் வால்வு. சத்தம் அடங்கி ஓட்டம் நின்றதும் அதை மூடிவிட்டு கிரே வால்வைத் திறந்தால், அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். அப்புறம் கழிவறை வழியாகக் கொஞ்சம் தண்ணீரும் டேங்க் மருந்தும் ஊற்றிவிடுங்கள். குடிநீர்க் குழாயை இந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட கொண்டுவரக் கூடாது. கழிவுத் தண்ணீரைத் தரையில் ஊற்றவும் அனுமதி இல்லை.

நம் சமையலுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கர் எடுத்துப்போங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும். எண்ணெய், ரசமண்டி, புளிச்சக்கை எதுவும் சிங்கில் போகக் கூடாது. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் கிரே டேங்க் நாறாது. வண்டியில் 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி., மைக்ரோவேவ், மின்கெட்டில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும்.

மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ஐந்து மணிக்குச் சிவப்பு வழித்தட பஸ்ஸைப் பிடியுங்கள். அது போகும் ஹெர்மிட் சாலை மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வண்டிகளுக்கு மூடியிருக்கும், பஸ்தான் வழி. இறங்காமல் நேரே கடைசி நிறுத்தமான ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் வரை போய்விடுங்கள். மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1914-இல் கட்டிய கல் கட்டடம் அது, உள்ளே பிரம்மாண்டமான கணப்பு உண்டு. கழிவறையும் இருக்கிறது. திரும்பும் பஸ் பிமா, மொஹாவி, பவல் முனைகளில் மட்டும் நிற்கும். அஸ்தமனத்துக்கு எல்லோரும் ஹோப்பி முனைக்குத்தான் போவார்கள், முடிந்ததும் பஸ்ஸுக்கு நீண்ட வரிசை நிற்கும். நீங்கள் மொஹாவியில் இறங்குங்கள், ஏழேமுக்கால் வாக்கில் சூரியன் இறங்கும். வெளிச்சம் போனதுமே குளிர் வந்துவிடும். அப்பா அம்மாவுக்கு ஸ்வெட்டரும், பஸ் நிறுத்தம் வரை நடக்க ஒரு டார்ச்சும் கையில் இருக்கட்டும்.