மட்டக்களப்புக் கூத்தை ஆராய நூலகத்தில் தொடங்குவதா, களத்தில் தொடங்குவதா?

நூலகத்தில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) நூலை முதலில் வாசியுங்கள். பழைய மலர்களும் சஞ்சிகைகளும் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளின் வேறுபாடு, சட்டங்கொடுத்தல் (ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து பாட்டுகளைக் கொடுப்பது), சதங்கை அணிதல் (பழகுபவர்கள் காலில் சதங்கை கட்டும் சடங்கு), அரங்கேற்றம் போன்ற சொற்கள் பிடிபட்டதும் புறப்படலாம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் "கூத்தின் வரலாறு என்ன?" என்று கேட்டால் நீங்கள் வாசித்ததே பெரும்பாலும் திரும்பி வரும். "நீங்க முதன்முதல் சதங்கை கட்டின அன்று என்ன நடந்தது, ஐயா?" என்று கேளுங்கள். யார் மத்தளம் அடித்தார், எந்த வீட்டு முற்றத்தில் பழகினார்கள், உடுப்பை யார் தைத்தார் என்று ஒவ்வொன்றாக வரும். புத்தகத்தில் இல்லாதது அதுதான், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள். கூத்துப் பாட்டுகளைக் கையால் எழுதிவைத்திருக்கும் கூத்துக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே படம் எடுங்கள். பல குடும்பங்களிடம் இருப்பது அந்த ஒரு பிரதிதான். குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒருவர் சொன்னது நூலோடு முரண்பட்டால் இரண்டையும் எழுதிவைத்து, அடுத்த ஊரில் இன்னொருவரிடம் கேளுங்கள்.