வீட்டுக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

பழைய வடஆற்காட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலானோர் கேட்டது எதை வாங்கலாம் என்றுதான். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பெரும்பாலான ஆபத்து நீங்கிவிடும் என்பது என் கருத்து.

காட்பாடி: அண்ணா, புது லேப்டாப் வாங்குகிறேன். ஆன்டிவைரஸுக்குக் கடையில் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. விண்டோஸ் 11-உடனேயே டிஃபெண்டர் வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். லேப்டாப்போடு சில மாத இலவச ஆன்டிவைரஸ் ஏதாவது போட்டுக் கொடுத்திருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும், எடுத்ததும் தானே வேலையைத் தொடங்கும். காலாவதியான இலவசத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் ஆபத்து. மிச்சமாகும் பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள்.

ஆரணி: விண்டோஸை ஆக்டிவேட் செய்ய நண்பன் ஒரு ஃபைல் கொடுத்தான். டிஃபெண்டரை ஆஃப் செய்துவிட்டு ஓட்டச் சொல்கிறான்.

ஓட்டாதீர்கள். காவலை எடுத்தால்தான் நுழைவேன் என்கிற ஃபைலை வீட்டுக்குள் விடக் கூடாது. லைசென்ஸ் வாங்க முடியாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள். இலவசம், பழைய மெஷினிலும் ஓடும்.

வேலூர்: சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறோம். வீட்டுக் கம்ப்யூட்டர்தான் ரிசப்ஷனிலும் இருக்கிறது. தங்குபவர்களின் ஆதார், பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் அதில்தான். என்ன செய்ய வேண்டும் சார்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிம்மதி. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் உங்களை நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை. அது உங்கள் சொந்த ஃபைலைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய பொருள்.

முதலில் கணக்கைப் பிரியுங்கள். அட்மின் கணக்கு உங்களுக்கு மட்டும். ரிசப்ஷன் பையனுக்கு 'ஸ்டாண்டர்டு யூசர்' கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் இதைச் செய்யலாம். அதன்பின் யாராவது கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் ஒரு புரோகிராமைப் போட முயன்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். நீங்களும் தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது மட்டும் போதாது. ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், வந்தால், அந்தப் பையன் திறக்கக்கூடிய ஃபைல்களையெல்லாம் அதுவும் திறக்கும், பூட்டும். அதற்கு மருந்து பேக்கப் ஒன்றுதான். இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: பேக்கப் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்கிறார்கள். சொருகியிருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும். இரண்டு டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றை மாற்றிச் சொருகி, காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். எடுத்த காப்பி திறக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க வான்னாக்ரை என்கிற ரேன்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாத மெஷின்கள்தான் மாட்டின.

கம்ப்யூட்டரே திருட்டுப் போனால்? டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். அதற்கு விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோமில் பல மெஷின்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீயைப் பிரின்ட் எடுத்து வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டர் அதைக் கேட்கும்போது கையில் இல்லாவிட்டால் உங்களாலும் திறக்க முடியாது.

அப்புறம் வைஃபை. தங்குபவர்களுக்கு ரௌட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகத் திறந்துவிடுங்கள். ரிசப்ஷன் கம்ப்யூட்டர் அதில் இருக்கக் கூடாது. ரௌட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். தேவை முடிந்த ஸ்கேன்களை அழித்துவிடுங்கள். இல்லாத ஃபைலை யாரும் திருட முடியாது.

குடியாத்தம்: ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் என் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால் வைரஸும் சேர்ந்து ஓடும், அதனால் தொடாதீர்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு வியூ, ஷோ, 'ஹிட்டன் ஐட்டம்ஸ்'. அப்போதும் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைடு புரொடெக்டெட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுங்கள். ஃபைல்கள் தெரியும், காப்பி செய்துகொண்டு டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம். ஏற்கெனவே கிளிக் செய்திருந்தால் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே தேடும். இனி பிரின்ட்டுக்கு என்று தனியாக ஒரு பென்டிரைவ், அதில் பிரின்ட் போட வேண்டிய ஃபைல் மட்டும்.

ஆம்பூர்: தோல் ஏற்றுமதிக் கணக்கை வீட்டில் பார்க்கிறேன். 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்று ஒரு பி.டி.எஃப். வந்தது, திறந்தால் ஒன்றும் வரவில்லை.

அது பி.டி.எஃப். இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' போட்டுப் பாருங்கள். பெயரின் கடைசியில் இ.எக்ஸ்.இ. என்று இருந்தால் அது புரோகிராம். அப்படியானால் உடனே நெட்டைத் துண்டித்து ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், மெயில் பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து மாற்றி, பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போடுங்கள். இன்னொன்று: பேங்க் கணக்கை மாற்றிவிட்டோம், புதுக் கணக்கில் போடுங்கள் என்று பையர் பெயரில் மெயில் வந்தால், பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வாலாஜாபேட்டை: விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன், 11 ஏறவில்லை.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வசதி இல்லாத பழைய மெஷினில் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. மேலே சொன்ன லினக்ஸ் மின்ட் உங்களுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-ஐயே அப்படியே வைத்து பேங்க் வேலை பார்ப்பது நல்லதல்ல.

சத்துவாச்சாரி: ஓய்வுபெற்ற ஆசிரியர். 'கம்ப்யூட்டரில் 5 வைரஸ்' என்று மூலையில் வந்துகொண்டே இருந்தது. அதிலிருந்த நம்பருக்குப் பேசினேன். எனிடெஸ்க் போடச் சொன்னார்கள், போட்டேன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது.

ஐயா, எனிடெஸ்க் என்பது வேறோர் இடத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்க வழிவிடும் புரோகிராம். அதனால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். போனை எடுத்து 1930-க்கு அழையுங்கள், சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. அடுத்து பேங்குக்கு. இதில் நேரம்தான் முக்கியம்: ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வாடிக்கையாளர் விவரம் கொடுத்து ஏமாந்த வழக்கிலும் பேங்குக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் பேங்கின் பொறுப்பு. அதனால் தெரிவித்த நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வையுங்கள்.

பிறகு எனிடெஸ்க்கை அன்இன்ஸ்டால் செய்து, வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பேங்க் வேலையை மறுபடி தொடங்கும் முன் தெரிந்தவரை வைத்து விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. மூலையில் வந்தது பெரும்பாலும் வைரஸ் செய்தி இல்லை, ஏதோ ஒரு தளம் அனுப்பும் விளம்பரம். குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். நீங்கள் இப்போது இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930-க்குப் பேசுங்கள்.