அடைப்புக்குறிக்குள் அம்மா

கேள்வி: நான் ஜெர்மனியில், மியூனிக்கில் இருக்கிறேன். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை போய், ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி ரோம் நகரத்துக்குப் பயணம் போட்டிருக்கிறோம். நான், கணவர், இரண்டரை வயது மகன், கரூரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கும் என் அம்மா. டிராஸ்டெவெரே பகுதியில் வீடு எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை கொலோசியத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன் (அம்மா பையனோடு இருந்துகொள்வார், கிச்சன் இருக்கிற வீடுதான்). ஞாயிறு வத்திக்கான் மியூசியம். ரோமா பாஸ் என்ற சுற்றுலா அட்டை வாங்குவது லாபமா? மூன்று நாளில் எதையும் விட்டுவிடாமல் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

- வாசகி, மியூனிக்

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு பேர் விமானம் ஏறுகிறீர்கள். கொலோசியத்துக்குள் இரண்டு பேர்தான் போகிறீர்கள். மற்ற இருவர் எங்கே என்று தேடினேன். அடைப்புக்குறிக்குள் இருந்தார்கள்.

ரோமா பாஸுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இதைப் பேசிவிடலாம்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊர்ப் பெயர்தான் மாறும். பாரிஸ், வியன்னா, ப்ராக் என்று வரும். எல்லாவற்றிலும் ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா இருப்பார். அவருக்கு ஓர் அறையும் ஒரு குழந்தையும் ஓர் அடுப்பும் ஒதுக்கியிருப்பார்கள். "அவங்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்று பெரும்பாலும் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். நீங்கள் அந்த ஒரு வரியைக்கூட எழுதவில்லை. அம்மாவிடம் "கொலோசியம் பார்க்க வர்றியாம்மா?" என்று கேட்டதற்கான அடையாளமே கடிதத்தில் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அப்படித்தானே?

வந்திருப்பது உங்கள் மாமியாராக இருந்தால் மூன்று டிக்கெட் போட்டிருப்பீர்கள். என்ன நினைப்பாரோ, ஊரில் போய் யாரிடம் என்ன சொல்வாரோ என்ற பயமே போடவைத்திருக்கும். அம்மா ஒன்றும் நினைக்க மாட்டார் என்ற தைரியத்தில் விட்டுவிட்டீர்கள். அந்தத் தைரியத்தை உங்களுக்குக் கொடுத்ததும் அவர்தான். அதை வைத்தே அவரை வீட்டுக்குள் உட்காரவைப்பது நியாயமா?

மூன்று மாத விசா என்றால் அதிகபட்சம் 90 நாள். அதில் எத்தனை நாள் உங்கள் வீட்டு அடுப்படியிலும், பையனுக்குச் சோறு ஊட்டுவதிலும், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதிலும் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இப்போது அவரை விமானத்தில் ஏற்றி இத்தாலிக்குக் கூட்டிப்போய், அங்கேயும் "கிச்சன் இருக்கிறது" என்கிறீர்கள். கரூரில் சமைத்தார், மியூனிக்கில் சமைக்கிறார், ரோமிலும் சமைப்பார். ஊருக்குப் போனதும் அக்கம்பக்கத்தில் "ரோமாபுரி எப்படி இருந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வார்? நல்லா இருந்தது என்றுதான் சொல்வார். உங்களை விட்டுக்கொடுக்க மாட்டார்.

"நான் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்" என்பீர்கள். சொல்வார். ஒரு டிக்கெட் 18 யூரோ என்று காதில் விழுந்ததும் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பார். அது டிக்கெட் விலைக்குச் சொல்லும் பதில். டிக்கெட்டைப் போட்டுவிட்டுச் சொன்னால் அந்தப் பதில் வராது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவைத் தஞ்சாவூருக்கு நான்தான் அழைத்துப் போனேன். அவருக்கு முட்டி வலி, எங்களுக்கு அவசரம். பெரிய கோயில் வாசலில் நிழல் பார்த்து உட்காரவைத்து, எல்லாருடைய செருப்பையும் சாப்பாட்டுப் பையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனோம். திரும்பி வந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தோம். சில வருஷம் கழித்து டிவியில் அந்தக் கோயிலைக் காட்டினார்கள். "நந்தி இவ்வளவு பெரிசா?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார். அவரை மறுபடி அழைத்துப்போக எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

பேரனோடு இருப்பது பாட்டிக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அவருடைய வேலை அல்ல. அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் நீங்கள் இருவர். அவனை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் நீங்கள் இருவர்தான். உங்கள் கணவர் தன் மகனை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டால் அதை உதவி என்று சொல்லாதீர்கள். அதைப்போலவே, அம்மாவை ஊர் சுற்றிக் காட்டுவது நீங்கள் அவருக்குச் செய்யும் தயவும் இல்லை. செய்ய வேண்டியது. நான் அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் நம்புகிறேன்.

சரி, ரோமுக்கு வருவோம்.

முதலில் உங்கள் திட்டத்தில் ஒரு பெரிய தவறு. வத்திக்கான் மியூசியம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளும். சிறு குழந்தையோடும் வயதானவரோடும் அந்த நாளில் போகாதீர்கள். சாதாரண நாளிலேயே அது ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூடம் கூடமாக ஓடும் இடம். அதற்குள் இருக்கும் சிஸ்டைன் சேப்பல் என்ற சிற்றாலயத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளி பிற்பகலுக்கு இரண்டு டிக்கெட் போடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அம்மாவுக்கு. மாப்பிள்ளை பையனை வில்லா போர்கேசே பூங்காவுக்குத் தூக்கிப் போகட்டும். அங்கே ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, ஓடுவதற்கு இடம் இருக்கிறது. மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த அந்தக் கூரையின் கீழே, சுவரோரப் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். அங்கே படம் எடுக்க விட மாட்டார்கள். நல்லதுதான், போனை உள்ளே வைத்துவிட்டு அவரோடு பேசலாம், ஆனால் மெதுவாகத்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. உங்கள் ஜீன்ஸையும் மேல்சட்டையையும் நீங்கள் யோசித்து எடுத்துவைக்க வேண்டியிருக்கும். அம்மாவின் புடவைக்கு அந்தக் கவலையே இல்லை.

கொலோசியம் டிக்கெட்டில் இப்போது ஆளின் பெயர் இருக்கும், நுழைவில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் இரண்டு டிக்கெட்டில் ஒன்றை அங்கே போய் அம்மாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவர் பெயரில் தனியாகப் போட வேண்டும். பையனுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் அவன் பெயரில் ஓர் இலவச டிக்கெட் எடுக்க வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் அதே நேரத்தில் இடம் இல்லை என்றால், நால்வருக்கும் சேர்ந்து கிடைக்கும் நேரத்தைப் பாருங்கள். பழைய இரண்டு டிக்கெட் பணம் போனால் போகட்டும். மாடிக்குப் போக லிஃப்ட் இருக்கிறது, அதனால் "முட்டி வலிக்கும், நீ இரும்மா" என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை.

அந்த டிக்கெட்டிலேயே பக்கத்தில் இருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். முழுவதும் சுற்ற வேண்டாம், அங்கே பழைய தெருவின் கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆனால் ஓர் இடத்துக்கு மட்டும் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பொது மண்டபத்தின் மூன்று பிரம்மாண்டமான வளைவுகள் நிற்கும். அது கட்டப்படுவதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவை மிளகுக் கிடங்குகள். முதல் நூற்றாண்டின் கடைசியில், டொமிஷியன் என்ற பேரரசனின் காலத்தில் கட்டியவை. அந்த மிளகு வந்தது நம் பக்கத்திலிருந்து. யவனரின் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியது என்று அகநானூற்றில் இருக்கிறதே, கறி என்பது மிளகுதான், அது போய் இறங்கிய ஊர் இது. வந்த பொன்னும் வெள்ளியும் எங்கே போயின? உங்கள் அம்மாவின் ஊரில், அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. உங்கள் நால்வரில் அந்த இடத்தில் நிற்க எல்லாரையும்விட உரிமை உள்ளவர் கரூர்க்காரர். அவரையா வீட்டில் சோறு வடிக்க விட்டுப் போகப் பார்த்தீர்கள்?

சனிக்கிழமை மதியம் எல்லாரும் தூங்குங்கள். குழந்தைக்கும் வேண்டும், பாட்டிக்கும் வேண்டும், உண்மையைச் சொன்னால் உங்களுக்கும் வேண்டும். மூன்று மணி வாக்கில் பாந்தியன் போங்கள், பழைய ரோமானியக் கோயில், இப்போது தேவாலயம். மாலையில் பூசை நேரத்தில் பார்வையாளர்களை விட மாட்டார்கள், அதனால் ரொம்பத் தாமதிக்க வேண்டாம். ஹாட்ரியன் என்ற பேரரசனின் காலத்துக் கட்டடம், சுமார் 1,900 ஆண்டு ஆகிறது. 43 மீட்டர் அகலக் குவிமாடம், உள்ளே ஒரு கம்பிகூட இல்லாத கான்கிரீட். உச்சியில் திறந்த வட்டம். வெயில் அது வழியாக இறங்கிச் சுவரில் வட்டமாக நகரும், மழை பெய்தால் நேரே உள்ளே விழும், தரையில் இருக்கும் துளைகள் வழியாக வடியும். ஏற வேண்டிய மாடி இல்லை, உட்கார இடம் உண்டு. பையனும் பாட்டியும் சேர்ந்து ரசிக்க ரோமில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் நவோனா சதுக்கம். பெர்னினி என்ற சிற்பி 1651-ல் முடித்த நான்கு நதிகள் நீரூற்றில் நைல், டான்யூப், பிளாட்டா நதிகளோடு நம் கங்கையும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பெண்ணாக இல்லை. தாடி வைத்த ஆண், கையில் துடுப்பு. எது கங்கை என்று நீங்கள் சொல்லாதீர்கள், அம்மாவையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதியனுப்புங்கள்.

ஞாயிறு காலை சீக்கிரமாக செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம். கட்டணம் இல்லை. உள்ளே போனதும் வலது பக்கம் மைக்கலாஞ்சலோவின் பியெட்டா இருக்கும், மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாய். அதன் முன்னால் நிற்கும்போது உங்கள் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியே வந்தால் வளைந்து நிற்கும் 284 தூண்கள். சதுக்கத்தின் தரையில் வட்டக் கல் பதித்த ஓர் இடம் உண்டு, அதில் நின்று பார்த்தால் நான்கு வரிசைத் தூணும் ஒரே வரிசையாகத் தெரியும். பையனைத் தூக்கி நிறுத்திக் காட்டுங்கள்.

இனி வீட்டு விஷயம். டிராஸ்டெவெரே அழகான பகுதி, ஆனால் மெட்ரோ கிடையாது, தெருவெல்லாம் சாம்பியெட்ரினி என்ற சின்னக் கருங்கற்கள். தள்ளுவண்டிச் சக்கரமும் வயதானவரின் முழங்காலும் ஒன்றுபோல அதில் அவதிப்படும், மழை பெய்தால் வழுக்கும். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், நல்ல ஷூ வாங்கிக் கொடுத்து, மியூனிக்கிலேயே ஒரு வாரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பழைய கட்டடங்களில் பலவற்றில் இருக்காது. இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள். பியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர வெள்ளை டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு, அது தலைக்கு இல்லை, வண்டிக்கு. நால்வருக்கும் அதுதான் சரி.

அப்புறம் ஒன்று. உங்கள் அம்மா வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டார். பாத்ரூம் தேட வேண்டியிருக்கும் என்று தாகத்தோடேயே இருப்பார், அந்தத் தலைமுறைப் பெண்கள் அப்படித்தான். ரோமில் தெருவுக்குத் தெரு நசோனி என்ற குழாயில் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், காசு இல்லை. கீழ்வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையில் தண்ணீர் பீச்சும், பையன் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு காபிக் கடைக்குள் போய், காபி வாங்கிவிட்டு "பானியோ" என்று கேளுங்கள், காட்டுவார்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு, எடை போட்டுக் கத்தரியால் வெட்டித் தரும் பீட்சா இருக்கிறது. காச்சியோ எ பேபே என்று சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தாவும் உண்டு, காரம் பழகிய நாக்குக்குப் பிடிக்கும். அம்மா சுத்த சைவம் என்றால் அதில் போடும் பெக்கொரினோ சீஸ் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைப்பது என்பதைச் சொல்லிவிட்டு, அவரே முடிவு செய்யட்டும். இந்த மூன்று நாள் அவர் அடுப்பைத் தொடக் கூடாது. பையனுக்குத் தயிர்சாதம் வேண்டும் என்றால் நீங்கள் பிசையுங்கள்.

ரோமா பாஸ் வேண்டாம். வத்திக்கானில் அது செல்லாது, கொலோசியத்துக்கு அது இருந்தாலும் தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும். "எதையும் விட்டுவிடாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முதலில் விட்டது யாரை என்று சொல்லிவிட்டேன். ட்ரெவி நீரூற்றை விட்டால் விட்டுப்போகட்டும், ஸ்பானிஷ் படிகளும் போகட்டும்.

மூன்றாவது டிக்கெட் போடும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எழுந்துபோய் அம்மாவிடம் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். எதற்கு என்று கேட்பார். சொல்லுங்கள்.