கிணற்றில் கிடைத்த மட்டி: வெளிவரியை விட்டுக் கீலைப் பாருங்கள்

கேள்வி: ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தோண்டியபோது, ஆறடி ஆழத்தில் பவளக்கல்லோடு ஒட்டிய வரிவரியான மட்டி ஓடு ஒன்று கிடைத்தது. இது புதிய இனமாக இருக்குமா? எப்படி விவரித்து எழுதுவது?

பதில்: புதிய இனம் என்ற ஆசையை முதலில் ஒதுக்கி வையுங்கள். பாம்பன் பகுதியில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளப்பாறையின் வயது, கரிமக் கணிப்பின்படி (கார்பன்-14 முறையில்) சுமார் 4,000 ஆண்டுகள்தான். உங்கள் கல்லும் அதைச் சேர்ந்ததாக இருந்தால், அதிலுள்ள மட்டி பெரும்பாலும் இன்றும் கடலில் வாழும் இனமாகவே இருக்கும்.

வெளிவரிகள் கண்ணைக் கவர்ந்தாலும், மட்டியின் குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது கீல்தான், அதாவது இரு ஓடுகளும் ஒன்றோடொன்று இணையும் உட்பகுதி. பழைய பல்துலக்கியாலும் தண்ணீராலும் அந்தப் பகுதியை மெதுவாகத் துலக்குங்கள். ஓடும் கல்லும் சுண்ணாம்பே என்பதால் வினிகர், அமிலம் எதையும் தொடவே வேண்டாம். முகட்டுக்குக் கீழே (ஓட்டின் கூம்பிய உச்சிதான் முகடு) நேர்க்கோட்டில் சீப்புப் பற்களைப் போலச் சிறு பற்கள் நெருக்கமாகத் தெரிந்தால் அது ஆர்சிடே குடும்பம். அவ்வாறன்றி, முகட்டடியில் மூன்று தடித்த பற்கள் மட்டும் இருந்தால் வெனரிடே குடும்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடு கரைந்து கல்லில் பள்ளம் மட்டும் எஞ்சியிருந்தாலும் கவலையில்லை, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அதில் அழுத்தி எடுத்தால் கல்லில் பதிந்த பற்களோ வரிகளோ அப்படியே வரும்.

ஆர்சிடே என்றால் வரிகளை ஓரத்தில் எண்ணுங்கள். அக்குடும்பத்தின் டெகில்லார்கா கிரானோசா என்ற இனத்தில் சுமார் 18 தடித்த வரிகளும் அவற்றின் மேல் மணிமணியான புடைப்புகளும் இருக்கும். அனடாரா ஆன்டிகுவாட்டா என்ற இனத்தில் வரிகள் 40 அளவில் வரும். ஓடு தேய்ந்தால் மணிகள் மழுங்கும், எண்ணிக்கை மழுங்காது.

விவரணையில் நீளம், உயரம், ஒரு ஓட்டின் புடைப்பு (எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது) ஆகியவற்றை மில்லிமீட்டரில் தந்து, இடது ஓடா வலது ஓடா என்பதையும், ஓட்டின் உட்புறத்தில் மூடும் தசைகள் ஒட்டியிருந்த இரு தழும்புகளின் வடிவத்தையும் எழுதுங்கள். முகட்டருகே சீராகக் குடைந்த வட்டத் துளை இருந்தால் குறிப்பிடத் தவறாதீர்கள். அது பெரும்பாலும் வேட்டையாடும் நத்தை போட்ட துளை. இனப் பெயரை எழுதும்போது, முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் சேர்த்து டெகில்லார்கா கிரானோசா (லின்னேயஸ், 1758) என்று எழுதுவதிலுள்ள அடைப்புக்குறியும் அலங்காரமன்று, லின்னேயஸ் வைத்த ஆர்கா என்ற பேரினப் பெயர் (இனப் பெயரின் முதல் சொல்) பின்னர் மாற்றப்பட்டதன் அடையாளம் அது.

எல்லாவற்றிலும் முக்கியம், எந்த மண் அல்லது கல் அடுக்கில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பதை இன்றே குறித்துக்கொள்வது. ஓட்டை நாளைக்கும் அளக்கலாம், கிணற்றுச் சுவரைப் பூசிவிட்டால் அடுக்கைப் பார்க்க முடியாது.