எதற்கு வடக்கே? குழந்தைகளும் திசைகளும்: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாகத் திசைப் பாடம் நடத்துகிறேன். பெற்றோரும் புதிதாக வந்த ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், என் மகளுக்கு ஐந்து வயது. இடது வலதிலேயே தடுமாறுகிறாள். அதற்குள் கிழக்கு மேற்கு சொல்லித்தரலாமா?

தாராளமாகத் தரலாம். இடது வலது நம் உடம்போடு சேர்ந்து திரும்பும். எதிரே நிற்பவருக்கு மாறிவிடும். திசை அப்படியே நிற்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியில், நாம் இடது வலது என்று சொல்லும் இடத்தில்கூடத் திசையைத்தான் சொல்வார்கள். அந்த மொழியில் வளர்ந்த பிள்ளைகள் பேச்சோடு பேச்சாகவே அதைப் பழகிக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். முதலில் கிழக்கு மட்டும் போதும். “பந்து கட்டிலுக்குக் கிழக்கே கிடக்கிறது, எடுத்து வா.”

வடக்கு எங்கே என்று கேட்டால் என் பையன் கூரையைக் காட்டுகிறான். என்ன செய்வது?

சுவரில் மாட்டிய வரைபடத்தின் வேலை இது. அதில் வடக்கு மேலே இருக்கிறது, அவனும் மேலே காட்டுகிறான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கு என்ற சொல்லில் ‘மேல்’ இருக்கிறது, கிழக்கில் ‘கீழ்’ இருக்கிறது. மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள் இவை. வரைபடத்தின் மேல்பக்கமோ வடக்கு. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் விரியுங்கள். அதன் வடக்கு, உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். பையனை அதன் நடுவில் நிற்கவைத்து, நான்கு பக்கமும் கை நீட்டச் சொல்லுங்கள். தரையில் பழகிய பிறகு சுவருக்குப் போகலாம். என் வகுப்பில் இந்த ஒரு மாற்றம் செய்த அளவுக்கு வேறெதுவும் செய்ததில்லை.

சூரியன் உதிப்பது கிழக்கு என்று சொன்னால் போதாதா?

தொடங்குவதற்குப் போதும். ஆனால் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாட்களை ஒட்டித்தான். ஜூனில் வடக்கே தள்ளியும் டிசம்பரில் தெற்கே தள்ளியும் உதிக்கும்.

இன்னும் சரியாக வேண்டுமென்றால், நண்பகலை ஒட்டி ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியில் கல் வையுங்கள். 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. முதல் கல் இடப்பக்கமும் இரண்டாவது வலப்பக்கமும் வரும்படி நின்றால் முகம் இருப்பது வடக்கு. பிள்ளைகளே கல் வைக்கட்டும், நீங்கள் வைக்க வேண்டாம்.

“மரம் வடக்கில் இருக்கிறது” என்று மாணவர்கள் எழுதினால் மதிப்பெண் தரலாமா?

நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். எதற்கு வடக்கில் என்று திருப்பிக் கேட்பேன். பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். கிணற்றுக்கு வடக்கே நிற்கும் மரம், வீட்டுக்குத் தெற்கே நிற்கலாம். மரம் நகரவில்லை, அளக்கத் தொடங்கிய இடம் மாறிவிட்டது. ஒரே பொருளை மூன்று இடங்களிலிருந்து சொல்லவைத்தால் இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். ‘தோட்டத்தின் வடக்கில்’ என்றால் பெரும்பாலும் தோட்டத்துக்கு உள்ளே, வடபக்கம். ‘தோட்டத்துக்கு வடக்கே’ என்றால் தோட்டத்தைத் தாண்டி வெளியே. நகர்வதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு: ‘வடக்கு நோக்கி’ போவது வேறு, ‘வடக்கிலிருந்து’ வருவது வேறு. காற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாடை வடக்கிலிருந்து வரும், தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. “தென்றல் அடித்தால் காற்றாடி எந்தப் பக்கம் பறக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தெற்கு என்பார்கள். வாசலில் நின்று ஒரு துணியைப் பிடிக்கச் சொன்னால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

வகுப்பில் திசைகாட்டி ஆளுக்கொரு பக்கம் காட்டுகிறதே?

இரும்பு மேசை, காந்தம், ஸ்பீக்கர், செல்போன் எல்லாம் முள்ளை இழுக்கும். திறந்த வெளிக்குப் போய், மட்டமாகப் பிடித்துப் பாருங்கள்.

வடகிழக்கு, தென்மேற்கு எப்போது?

நான்கும் தயங்காமல் வந்த பிறகு. சதுரத் தாளை நேராக இரண்டு தடவையும் மூலைக்கு மூலை இரண்டு தடவையும் மடித்துப் பிரித்தால் எட்டுத் திசையும் கோடாக வந்துவிடும்.

கட்டம் போட்டு விளையாடவைக்கிறேன். அடுத்து என்ன?

திரும்பி வரச் சொல்லுங்கள். மூன்று கட்டம் கிழக்கே, இரண்டு கட்டம் வடக்கே போன பிள்ளை, போன வழியே புறப்பட்ட கட்டத்துக்கு வர வேண்டும். திசையும் வரிசையும் தலைகீழாகும்: முதலில் இரண்டு தெற்கே, பிறகு மூன்று மேற்கே. சிலர் முதலில் மேற்கே மூன்று போய், அப்புறம் தெற்கே இரண்டு வருவார்கள். தடுக்காதீர்கள், அதுவும் அதே கட்டத்தில்தான் கொண்டுவந்து விடும். பிறகு வழியில் ஒரு நாற்காலியைப் போட்டு மறித்துவிட்டு, மறுபடி கேளுங்கள்.